சுரேந்தரைக் கழித்த பிறகு

செத்துப்போன சுரேந்தர் சுரங்கத்துக்குள் நடமாடுகிறான் என்று முதலில் சொன்னது மனிதர் யாரும் இல்லை. உமாமகேஸ்வரி பொருத்திய கருவிதான் சொன்னது. வம்பே அங்கேதான் வந்தது. ஆள் யாராவது சொல்லியிருந்தால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். தன் கையால் செய்து, தன் வாயால் புகழ்ந்து விற்ற கருவியே சொல்லும்போது எந்தப் பழமொழியைச் சொல்லி அதன் வாயை அடைப்பது?

ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே வேலி கட்டி மறைத்த ஓர் இடத்தில் மின்கம்பிகளுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர்கள் காலுக்கு அடியில், வெகு ஆழத்தில், நம் ஊர்ப் பையன்களும் வங்காளதேசத்துப் பையன்களும் வியர்வையில் ஊறிக்கொண்டிருப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று மேலே கேபினில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சுரங்கக் கம்பெனி கேட்டது. கிளமெண்டியில் உமா வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் செய்து கொடுத்தது.

ஒவ்வொருவர் ஹெல்மெட்டிலும் தீப்பெட்டி அளவில் ஒரு டேக். சில விநாடிகளுக்கு ஒரு முறை அது தன் அடையாளத்தை ஒலிபரப்பும். எல்லா டேக்குகளும் ஒரே அலைவரிசையில், ஒரே சமயத்தில், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கத்தும். சுரங்கச் சுவர் நெடுக மாட்டிய ஆண்டெனாக்கள் அந்தக் கூச்சலை மொத்தமாக வாங்கி மேலே அனுப்பும். அதைப் பிரித்து, இது இவன், இது அவன் என்று திரையில் புள்ளி வைப்பது உமா எழுதிய புரோகிராம். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

சுரேந்தர் செத்தது சுரங்கத்தில் இல்லை. தொழிலாளர் விடுதியில், விடிகாலையில், மாரடைப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. உடலை விமானத்தில் ஏற்றி அறந்தாங்கிப் பக்கம் அவன் அம்மாவிடம் அனுப்பி வைத்தார்கள். அடுத்த வாரமே திரையில் அவன் பெயர் வந்தது.

வந்த இடமும் நல்ல இடமில்லை. பிரதான சுரங்கத்திலிருந்து பக்கவாட்டில் பிரிந்து, கொஞ்ச தூரம் தோண்டி, பாறை சரியில்லை என்று கைவிட்ட ஒரு முட்டுச் சந்து. யாருக்கும் அங்கே வேலை கிடையாது. இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சந்தின் கடைசியில் ஒற்றைப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் சுரேந்தர் என்று பெயர். டார்ச் எடுத்துக்கொண்டு ஆட்கள் போய்ப் பார்ப்பதற்குள் புள்ளி மறைந்துவிட்டது, சந்தில் ஈ காக்காய் இல்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அப்புறம் நம் பையன்கள் ஹெல்மெட்டுக்கு உள்ளே திருநீறு பூசிக்கொண்டார்கள், வங்காளப் பையன்கள் ஏதோ ஓதிக்கொண்டே இறங்கினார்கள். சந்துப் பக்கம் போக யாருக்கும் கால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் வைத்து வேய்ன் இதைப் பேச்சில் எடுத்தான். வேய்ன் அந்தச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். காலையில் மெதடிஸ்ட் கோயிலில் பாடிவிட்டு, அதே இஸ்திரிச் சட்டையோடு தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"உமா, இது எக்கோதானே? எக்கோன்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடு லா. பாய்ஸ் உள்ள போக மாட்டேங்குறாங்க. நான் என்ன சொல்லி அனுப்புறது?"

"எழுதித் தரேன். முதல்ல உனக்குப் புரியணும்ல? இப்ப இங்க எத்தனை பேரு பேசுறாங்கன்னு சொல்லு."

வேய்ன் சுற்றிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அதை எண்ணுவதற்குக் கடவுள்தான் வர வேண்டும். "சான்ஸே இல்ல."

"கண்ண மூடிக்க. முதல்ல கேக்குறது யாரு?"

"மீன் கடைக்காரர். அவர்தான் லௌடஸ்ட்."

"அவரை மனசுல இருந்து எடுத்துடு. எடுத்துட்டியா? இப்ப?"

"தேத்தண்ணி கலக்குறவர்... தம்ளரைத் தட்டுறார்."

"அவரையும் எடு."

வேய்ன் கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடியே இருந்தான். "பின்னாடி ஒரு பொண்ணு ஃபோன்ல அழுதுக்கிட்டே பேசுது," என்றான் மெதுவாக. "ஏய், இது முன்னாடி கேக்கவே இல்லையே."

"அவ்வளவுதான் என் வேலை. சத்தமா இருக்கிறவனைக் கண்டுபிடிக்கணும், அவனைக் கழிக்கணும், அடுத்தவனைத் தேடணும். எல்லாரையும் கழிச்ச பிறகு மிஞ்சுறது வெறும் இரைச்சல். ஃபேன் சத்தம் மாதிரி. உன் சந்துல இரும்புத் தகடு நிறைய இருக்கு. எல்லார் சிக்னலும் அதுல பட்டுத் தெறிக்குது. தெறிச்சது ஒண்ணு சேர்ந்து ஏதோ ஒரு பேரு மாதிரி வருது. சுரேந்தர் பேரு இன்னும் லிஸ்டுல இருக்கிறதால அவன் தலையில போய் விழுது. ஆள் இல்லாத வீட்டு வாசல்ல ஊரே குப்பை கொட்டுமே, அந்த மாதிரி."

"அப்ப அவன் பேரை எடுத்துட்டா?"

"வாசலே இருக்காது."

வேய்னுக்கு நிம்மதியாகிவிட்டது. இன்னொரு தோசை சொன்னான். உமாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. சொன்ன விளக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் தெறித்து வருகிற குப்பை தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்தா வரும் என்று ஒரு கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

அதனால் பெயரை எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள நினைத்தாள். திங்கட்கிழமை சுரங்க மேட்டில் இருந்த ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவன் குமரன், சுரேந்தரின் ஊர்க்காரன்.

"சுரேந்தர் ஹெல்மெட் எங்க?"

குமரன் மேல் தட்டைக் காட்டினான். மஞ்சள் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, முன்னால் ஒரு ஊதுபத்தியும் குத்தி வைத்திருந்தது.

"டேக் அதுலதானே இருக்கு?"

"அதுலதான் மேடம். செத்த அன்னைக்கே லாசரஸு துணி சுத்திக் கொண்டாந்து வச்சான். அடுத்த மாசம் நான் லீவுல போறேன். அவங்க அம்மா கையிலதான் குடுக்கணும், அவங்கதான் அவுக்கணும்னு எல்லாருமாச் சேந்து பேசி வச்சிருக்கோம்."

அவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள். குமரனின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. ஒரு தாய் அவிழ்க்க வேண்டிய முடிச்சில் நாம் கை வைப்பதா? சிக்னல் விஷயத்தில் எதையும் நேரில் பார்க்காமல் நம்பாதவள், மனுஷ விஷயம் என்றதும் மரியாதை பார்த்தாள். அந்த மரியாதை எத்தனை ஆபத்தானது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. டேக் ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது, ஆகவே சுரங்கத்தில் தெரிவது வெறும் குப்பை என்று முடிவு கட்டிக்கொண்டு கேபினுக்கு வந்தாள்.

கேபின் வாசலில் லாசரஸ் நின்றுகொண்டிருந்தான். சுரேந்தரின் ஜோடி அவன்தான். சுரங்கத்தில் யாரும் தனியாக இறங்கக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஜோடியாகப் போனவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்பது விதி. சுரேந்தர் போன பிறகு லாசரஸ் வேறு ஜோடி வேண்டாமென்று மறுத்துவிட்டான். வேறு வழியில்லாமல் வேய்ன் அவனை ஏற்கெனவே இருந்த ஒரு ஜோடியோடு மூன்றாவது ஆளாகச் சேர்த்து விட்டிருந்தான். தூத்துக்குடிப் பையன். ஞாயிறு தவறாமல் ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவன். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவன் என்று சொல்வார்கள். உமா பார்த்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேடம், இன்னைக்கு அவன் பேரு வந்துச்சா?"

"வந்துச்சு. பயப்படாத, நாளையில இருந்து வராது. லிஸ்டுல இருந்து எடுக்கப் போறேன்."

அவன் முகம் சட்டென்று வெளுத்தது. "எடுக்காதீங்க மேடம்."

"ஏன்ப்பா? எல்லாரும் எடுக்கச் சொல்லித்தான் உயிரை வாங்குறாங்க."

"இருந்துட்டுப் போகட்டும் மேடம். அவன் யாரை என்ன பண்றான்? பேரு மட்டுந்தான வருது."

இவனுக்கு என்ன சொல்வது? துக்கத்தில் இருக்கிறவனிடம் அலைவரிசையைப் பற்றிப் பாடம் எடுக்க முடியுமா? பேச்சை மாற்றுவதற்காக, "உன் டேக் பழசாயிடுச்சு லாசரஸ், சாப்பாட்டு நேரத்துல எல்லாம் உன் புள்ளி மங்கிப்போகுது. குமரன்கிட்ட புதுசு வாங்கி மாட்டிக்க," என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். வாங்கி மாட்டவில்லை.

அன்று சாயங்காலம் உமா பட்டியலில் இருந்து சுரேந்தரை எடுத்தாள். ஒரு பொத்தானை அமுக்குகிற வேலைதான். அமுக்கும்போது விரல் ஏனோ கொஞ்சம் தயங்கியது. எந்தப் பெயரை எடுக்கும்போதும் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

மறுநாள் சந்தில் புள்ளி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வேய்ன் கேபினுக்குக் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். பையன்கள் உமாவைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள், பேயை ஓட்டிய மந்திரவாதிக்கு வைக்கிற வணக்கம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு சங்கடமும் வந்தது. காரணம், திரையின் ஓரத்தில் இருந்த ஒரு கோடு. எல்லாரையும் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் கோடு அது. எப்போதும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். சுரேந்தரை எடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரமானால் அது தலையைத் தூக்கியது. கீழே தண்ணீர் இறைக்கிற பம்பு ஓடுகிறது, அதனுடைய மோட்டார் இரைச்சலாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பெயர் இல்லாத சத்தத்துக்கு எல்லாரும் வைக்கும் பெயர்தானே இரைச்சல்.

வெள்ளிக்கிழமை அந்த முட்டுச் சந்தைக் காங்கிரீட் ஊற்றி அடைப்பதாக ஏற்பாடு. ரொம்ப நாளாகவே திட்டத்தில் இருந்ததுதான். பேய்க் கதை கிளம்பியதும் அவசரம் கூடிவிட்டது. மதியத்துக்குப் பிறகு கலவை லாரிகள் வந்து வரிசையாக நின்று வயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. காலை ஷிஃப்ட்டுக்காரர்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். சந்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஒரு மேஸ்திரியை அனுப்பினார்கள். அவன் சந்தின் வாசலில் நின்று டார்ச் அடித்தான். அடுக்கி வைத்த தகடுகள் சரிந்து வழியை மறித்துக் கிடந்தன. அதற்கு அப்பால் ஒரே இருட்டு. "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டான், பம்பு ஓடுகிற இரைச்சலில் பதில் வந்ததா வரவில்லையா என்று காத்து நிற்காமல் திரும்பிவிட்டான். தகட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கலாம். செத்தவன் உட்காருகிற இடத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

"ஆல் கிளியர்," என்றான் வேய்ன், கேபினுக்குள் வந்து. "திரையிலயும் யாரும் இல்ல, மேஸ்திரியும் பார்த்துட்டான். நீயும் ஓகேன்னா ஊத்தச் சொல்லிடலாம்."

திரையில் யாரும் இல்லைதான். ஒரு புள்ளிகூடக் கிடையாது. புள்ளி அணைந்தால் ஆள் மேலே ஏறிவிட்டான் என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கையும் எழுதியவள் உமாதான். அவள் கண் மட்டும் ஓரத்துக் கோட்டிலேயே நின்றது. அது தலையைத் தூக்கியிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டி வெகு நேரமாகியும் இறங்கவே இல்லை.

"வேய்ன், பம்பை நிறுத்தச் சொல்லு."

"எதுக்கு?"

"நிறுத்தச் சொல்லேன்!"

வாக்கி-டாக்கியில் சொன்னான். பம்பு நின்றது. கோடு நிற்கவில்லை. பம்பின் இரைச்சல் கலக்காமல் இப்போது பார்க்கும்போது அதற்கு ஒரு தாளம் இருப்பது தெரிந்தது. சில விநாடிகளுக்கு ஒரு முறை எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. மோட்டாருக்கு இந்தத் தாளம் வராது. பாறைக்கும் தகட்டுக்கும் வராது. அது ஒரு டேக்கின் தாளம். தான் பெற்ற பிள்ளையின் அழுகை தாய்க்குத் தெரிவதுபோல அவளுக்கு அது தெரிந்தது.

பட்டியலில் இருக்கிற டேக் என்றால் பெயரோடு வந்திருக்கும். பெயர் இல்லாமல் வருகிறது என்றால் பட்டியலில் இல்லாத டேக். பட்டியலில் இல்லாத டேக் இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அதுவும் மஞ்சள் துணிக்குள் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

அவள் ஸ்டோருக்கு ஓடினாள். "குமரா, அந்தத் துணிய அவிழு."

"மேடம், அவங்க அம்மா..."

"அவங்க அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்குறேன். அவிழுடா!"

குமரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உமாவே தட்டிலிருந்து இறக்கி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஹெல்மெட் இருந்தது. டேக் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான்கு திருகாணிகளையும் பக்குவமாகக் கழற்றி, டேக்கை எடுத்துக்கொண்டு, மறுபடி அந்த ஓட்டைகளிலேயே அவற்றை மாட்டி வைத்திருந்தது ஏதோ ஒரு கை.

அவள் கேபினுக்குத் திரும்பியபோது குமரனும் பின்னாலேயே ஓடிவந்தான். அவனைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். உமா உட்கார்ந்து சுரேந்தரின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

சந்தின் கடைசியில் புள்ளி பளிச்சென்று எழுந்தது. சுரேந்தர்.

வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். யாரோ முருகா என்றார்கள். வேய்ன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "ஜீசஸ். உமா, ஆஃப் பண்ணு அதை."

"இரு. இன்னும் முடியல."

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. புரோகிராம் தன் வழக்கப்படி அடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தவனைக் கண்டுபிடித்தாயிற்று. அவனைக் கழித்தது. ஓரத்துக் கோடு தடாலென்று இறங்கியது. இறங்கி, முழுவதும் படுக்காமல், தரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இத்தனை நாளும் அந்தப் பெரிய சத்தத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஏதோ ஒரு சின்னச் சத்தம் மூச்சு விட்டது. திரையில் சுரேந்தரின் புள்ளிக்கு ஒட்டினாற்போல், அதன் மேலேயே ஏறினாற்போல், மங்கலாக இன்னொரு புள்ளி வந்தது. அணைந்தது. மறுபடி வந்தது. பெயர் விழுந்தது.

லாசரஸ்.

"லாசரஸ் எங்க?" என்று உமா கத்தினாள். "மேல வந்துட்டானா? யாரு கூட வந்தான்?"

அவனை மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொண்ட ஜோடி வாசலில்தான் நின்றது. ஒருவன் மற்றவனைப் பார்த்தான். "லிஃப்டுல எடமில்லாம நான் முன்னாடி ஏறிட்டேன், உன் கூட வந்தான்னுல்ல நெனச்சேன்," என்றான். "நான் உன் கூடன்னு நெனச்சேன்," என்றான் அடுத்தவன்.

வேய்ன் பாய்ந்து வாக்கி-டாக்கியை எடுத்து, லாரிகளை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். பையன்கள் அசையாமல் நின்றார்கள். திரையில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், செத்தவனும் உயிரோடு இருப்பவனும், ஒருவன் மடியில் ஒருவன் போல. அங்கே யார் போவது? குமரன்தான் முதலில் நகர்ந்தான். "எங்க ஊருக்காரந்தான், என்னை ஒண்ணும் பண்ண மாட்டான்," என்று சொல்லிக்கொண்டே லிஃப்டை நோக்கி ஓடினான். அவன் ஓடியதும் எல்லாரும் ஓடினார்கள்.

தகடுகளைத் தூக்கி எடுக்க வெகு நேரம் பிடித்தது. உமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மங்கலான புள்ளி அணையும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது. பூசை புனஸ்காரம் என்று எதுவும் இல்லாதவள், திரையைப் பார்த்து, "சுரேந்தர், அவனை விட்டுடாதப்பா," என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வேய்ன் காதில் விழுந்தது.

உயிரோடுதான் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் சந்துக்குள் போனவன் மேல் தகடு சரிந்து காலை நசுக்கியிருந்தது. ஹெல்மெட் தெறித்துப் போய்ச் சேற்றில் புதைந்து கிடந்தது, அவனுடைய டேக் முனகிக்கொண்டிருந்தது அங்கிருந்துதான். அவன் சட்டைப் பையில், கைக்குட்டையில் பொதிந்து, சுரேந்தரின் டேக் இருந்தது. ஒரே உடம்பில் இரண்டு டேக் இருந்தால் ஆண்டெனாக்கள் திணறும், சத்தமானது முந்திக்கொள்ளும், மற்றது மங்கும். உமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தமான டேக்கின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்தால் கழிக்க வழியில்லாமல் அது வெறும் இரைச்சலாகிவிடும், அந்த இரைச்சலுக்குள் மற்றவனும் முழுகிப்போவான். அதைச் செய்தது அவள் விரல்தான். அவன் எதற்கு அந்த டேக்கைச் சுமந்தான் என்பது மட்டும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள் அடுத்த வாரம் ஒரு மதியத்தில் போனாள். காலில் கம்பி போட்டிருந்தார்கள். பார்வை நேரம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு யாரோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். லாசரஸ் எழுந்து உட்காரப் பார்த்தான், அவள் தடுத்தாள். கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு பேசினார்கள். பிறகு அவனே கேட்டான்.

"மேடம், குமரன் சொன்னான். திரையில அவன் பேருதான் முதல்ல வந்துச்சாமே?"

"ஆமா."

"அதுக்கப்புறந்தான் நானா?"

"அவனைக் கழிச்ச பிறகுதான் நீ தெரிஞ்ச."

அவன் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது, துடைக்கவில்லை.

"அன்னைக்கு விடியக்காலம் அவன் கூப்பிட்டான் மேடம். பக்கத்துக் கட்டிலு. பேரு சொல்லிக் கூப்பிடல, மூச்சு ஒரு மாதிரி இழுத்து இழுத்து வந்துச்சு. எங்க ரூம்ல எல்லாப் பயலும் குறட்டை விடுவான், ஃபேன் ஒரு பக்கம் கத்தும். அதுல இதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன். சனியன் தூங்க விடுறானா பாருன்னு தலகாணிய எடுத்துக் காதுல வச்சு அமுக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா ஆளு சில்லுன்னு இருக்கான்."

உமா நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லல. கோயில்ல போயும் சொல்ல முடியல. அந்த டேக்கு மட்டும் கத்திக்கிட்டே இருந்துச்சுல்ல, அத அணைக்க மனசு வரல. அவன் பேரு கொஞ்ச நாளைக்காச்சும் யாரு கண்ணுலயாச்சும் படட்டும்னு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். சாப்பாட்டு நேரத்துல நாங்க ரெண்டு பேரும் உக்காந்து திங்கிற எடம் அது. அங்கேயே போயி உக்காந்துக்குவேன். மத்த நேரமெல்லாம் தூக்குச்சட்டிக்குள்ள போட்டு மூடி வச்சிருப்பேன், சத்தம் வெளிய வராது, அங்க போயித்தான் வெளிய எடுப்பேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா மேடம்? அவன் கூப்பிட்டிருக்கான். நீங்க எந்திரிச்சுப் போயிருக்கீங்க."

அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள உமாவுக்குக் கூசியது. எத்தனை நாள் அந்தக் கோடு தலை தூக்கியது, எத்தனை நாள் அவள் மோட்டார் என்றாள். இவன் ஒரு விடிகாலையில் செய்ததை அவள் பட்டப்பகலில், படித்த படிப்பையெல்லாம் வைத்துக்கொண்டு, நாள் கணக்கில் செய்திருக்கிறாள். அதைச் சொன்னால் இவன் பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தாள். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"இல்ல லாசரஸ். நானும் தலகாணியை அமுக்கிட்டுத்தான் படுத்தேன். முதல் தடவை கேட்டப்ப இரைச்சல்னு விட்டுட்டேன். அவன் விடாம திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், அதனாலதான் எந்திரிச்சேன்."

லாசரஸ் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் மெல்ல வடிவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப," என்றான், "அன்னைக்கும் அவன் திரும்பக் கூப்பிட்டிருப்பானா மேடம்? நான் காத அமுக்கிக்கிட்டு இருந்தப்ப?"

எத்தனையோ சத்தங்களைப் பிரித்துச் சொன்னவள், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.